மரகதம்மாளின் இரண்டாவது நோட்டு

உடன்குடியிலிருந்து கருப்பட்டி கொண்டுவரும் வியாபாரி ஒரு பழைய நோட்டை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: “அண்ணாச்சி, நம்ம நர்சம்மா போயிட்டாவ. இத உம்மட்ட சேக்கச் சொன்னாவ.” மரகதம்மாளை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு பக்கம் எழுத இரண்டு நாள் ஆகிறது. ஆனாலும் ஒரு வரி முடிந்தால், இந்தத் துக்கத்திலும், வலை நிறைந்ததுபோல் சந்தோஷம் வருகிறது. அதுவும் அவர் கொடுத்ததுதான்.

உலகச் சண்டை நடந்த வருஷங்களில் மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொய்னா கிடைக்கவில்லை. அதற்குப் பதில் ஒரு மஞ்சள் மாத்திரையைக் கொடுத்துப் பார்க்க, சர்க்கார் ஆட்கள் நம் கடற்கரையில் கொட்டகை போட்டார்கள். வள்ளம் கரையேறியதும் ஆண்கள் வரிசையில் நின்று ரத்தம் எடுக்க விரலை நீட்டுவோம். எடை பார்த்து, வாந்தி உண்டா, தலைசுற்றல் உண்டா என்று கேட்டுப் பதிவேட்டில் எழுதுவார்கள். நர்சாக வந்த மரகதம்மாள், “பொம்பளையளையும் சேக்கணும்யா” என்று பெரிய டாக்டரிடம் சொன்னார். பிள்ளைத்தாய்ச்சிகளைச் சேர்த்தால் ஆய்வு குழம்பும், ஆண்களுக்கு ஒத்துக்கொண்டால் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்றார் டாக்டர்.

வரிசையில் நின்ற நான் சிரித்தேன். “ஏ நர்சம்மா, எங்க பொண்டாட்டிமாருக்கு மாத்திரை எதுக்கு? எங்களத் திட்டுத தெம்பு போதாதா?”

“திட்டு வாங்குத ஆளுக்கே எடை பாத்தாச்சு. திட்டுதவளுக்குப் பாக்க வேண்டாமா?” என்றார். கொட்டகையே சிரித்தது. பதிவேட்டில் மட்டும் ஒரு பெண் பெயரும் ஏறவில்லை.

பிறகு அதே மாத்திரையை, அதே அளவில், வீடுவீடாகக் கொடுத்தார்கள். என் மகள் ரோசம்மாள் அப்போது நாலு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. மாத்திரை தின்றதிலிருந்து கஞ்சித் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. மரகதம்மாள் அந்தப் பதிவேடு போக, சொந்தக் காசில் இரண்டாவதாக ஒரு நோட்டு வாங்கி, பெண்களைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். வெளியாள் கேட்டால் வாசலில் நிற்கும் ஆண்தான் பதில் சொல்வது நம் வழக்கம். எனக்கு ஒன்றும் செய்யாத மாத்திரை அவளை என்ன செய்யும் என்று நினைத்தேன்.

“அவளுக்கு ஒண்ணுமில்ல. நல்லா இருக்கா.”

“உம்மட்ட கேக்கல அண்ணாச்சி. அவட்ட கேக்கேன்.”

நான் வாசலை விட்டு நகரவில்லை. உள்ளே ரோசம்மாள் ஓங்கரிக்கும் சத்தம் எங்கள் இருவருக்கும் கேட்டது. ஐந்தாம் நாள் அவளை அடக்கம் செய்தோம்.

அந்த நோட்டை மரகதம்மாள் மேலே அனுப்பினார். ‘இந்த ஆய்வில் பெண்கள் இல்லை’ என்று அட்டையில் எழுதித் திரும்பி வந்தது. அவர் அதைப் படித்துச் சொன்ன அன்றுதான் எனக்கு எழுத்துச் சொல்லித் தரக் கேட்டேன். “உம்ம பேரு பொறவு. மொதல்ல மக பேர எழுதும்” என்றார். அதற்கு மேல் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

இப்போது அந்த நோட்டை விரல் வைத்துப் படிக்கிறேன். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் அந்தந்தப் பெண் சொன்னது இருக்கிறது: வாந்தி, கண் இருட்டு, பால் வற்றியது. ரோசம்மாளுக்கு எதிரில் ஒன்றுமில்லை. நான் வாசலில் சொன்ன பதிலை மரகதம்மாள் எழுதவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வெற்றிடம். எனக்கு இப்போது எழுதத் தெரியும். அங்கே எழுத வேண்டியதைச் சொல்லக்கூடியவளிடம், நான்தான் கேட்கவிடவில்லை.