கணவாயில் கொதித்த கார்

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எவன் என்ன சொன்னாலும் நம்பாத ஆள்தான் நானும். ஆனால் இது நடந்தது. பட்டப்பகலில், எனக்கே நடந்தது.

மேய்ச்சல் மலையில் இருந்தபோது என் மருமகள் பெர்மெத்துக்கு வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். மகன் ரஷ்யாவில் வேலையில் இருந்தான். என் மனைவி புருலை ஆடுகளோடு கூடாரத்தில் விட்டுவிட்டு, பெர்மெத்தைப் பழைய காரின் பின் சீட்டில் படுக்க வைத்து, நாரின் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

கணவாயின் பாதி ஏற்றத்தில் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறியது. எஞ்சின் சூட்டை இழுக்க ஹீட்டரை முழுதாகத் திறந்தேன். கோடை வெயிலில் உள்ளே அடுப்பாகிவிட்டது. முள் இறங்கவில்லை. புஸ்ஸ்ஸ்... முன்னால் ஆவி.

நிறுத்தினேன்.

"ஏன் மாமா நிக்குறீங்க?"

"வண்டி கொதிக்குதும்மா."

"நானுந்தான் கொதிக்கிறேன். ஓட்டுங்க!"

பானெட்டைத் திறந்து பார்த்தேன். கசிவு இல்லை. பெல்ட் அறுபடவில்லை. ரேடியேட்டரின் மேல் குழாயில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. கீழ்க் குழாய்... ஜில்லென்று இருந்தது. அப்படியானால் தண்ணீர் சுற்றவில்லை. சூடேறினால் தண்ணீருக்கு வழி திறந்துவிடும் தெர்மோஸ்டாட் மூடிக்கொண்டுவிட்டது. ஸ்பேனரால் தட்டினேன். டக். டக். அசையவில்லை. கழற்றி எறியலாம், ஆனால் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். பின் சீட்டில் அவள் அலறல் முனகலாகத் தேய்ந்துகொண்டிருந்தது.

"நகரு கிழவா."

தொப்பி போட்ட ஒருவன். சாலையில் வேறு வண்டி இல்லை. குதிரை இல்லை.

"எவன்டா நீ? கையை எடு, வெந்துபோவ!"

"வெந்தாச்சு."

தெர்மோஸ்டாட்டை இரண்டு கையாலும் பொத்தினான். சுர்ர்ர்... கறி கருகும் வாடை. அவன் முகம் சுளிக்கவில்லை.

டக்.

கீழ்க் குழாயைத் தொட்டேன்.

சூடு.

"போ. எங்கயும் நிறுத்தாத."

நிமிர்ந்தேன்.

ஆள் இல்லை.

ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். பையன் பிறந்தான். இருவரும் பிழைத்தார்கள்.

மறுநாள் காலையில் நாரின் மெக்கானிக் அந்தத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் காட்டினான். "இது இன்னும் மூடியேதான் கிடக்கு. இதோட மலை ஏறினியா? புளுகாத பெருசு."

புதிதாக ஒன்று போட்டுக்கொண்டு மேய்ச்சல் மலைக்குத் திரும்பினேன். அங்கே போன் எடுக்காது. கூடார வாசலில் நின்று, "சுயுஞ்சு!" என்று கத்தினேன். நல்ல சேதியை முதலில் கொண்டுவருபவன் அப்படித்தான் பரிசு கேட்பான்.

புருல் சிரித்தாள். "போங்க, லேட்டு. நேத்தே ஒருத்தன் கேட்டுட்டான். பையன்னு சொன்னான்."

"நேத்தா? எப்ப?"

"நீங்க கிளம்பின கொஞ்ச நேரத்துல. வழியிலயே பெத்துட்டா போலன்னு நெனச்சேன். ஆடு தர்றேன்னேன், வேணாம்னுட்டான். ஒரு வாளி பச்சத்தண்ணி கேட்டு, ரெண்டு கையையும் உள்ள விட்டான்..."

அவள் சிரிப்பு நின்றது.

"தண்ணி... தளதளன்னு கொதிச்சுதுங்க."