லாரி ஒரு நடை

அப்போது நான் காஞ்சிபுரம் நகராட்சியில் டைப் அடிக்கும் குமாஸ்தா. வைகாசி உற்சவத்தில் சாமி வரும் வீதியை எங்கள் தண்ணீர் லாரி முன்னால் போய் நனைக்க வேண்டும். வாகனம் தூக்குகிறவர்கள் செருப்புப் போட மாட்டார்கள்; வெயிலும் விட்டுக்கொடுக்காது.

பழைய அதிகாரி காலத்தில் இதற்கு உத்தரவே கிடையாது. நாகஸ்வரம் எந்தத் தெருவில் கேட்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு டிரைவரே வண்டியை எடுப்பார். அதிகாரி தெருமுனையில் நின்று, “நல்லா நனைச்சுட்டியேப்பா” என்று ஒரு சோடா வாங்கிக் கொடுப்பார். அந்த ஒரு சோடாவுக்கு டிரைவர் இன்னும் இரண்டு தெரு சேர்த்து நனைப்பார்.

புதிதாக வந்தவர் வேறு மாதிரி. கேட்காமல் ஒரு தெருவுக்குத் தண்ணீர் கொண்டுபோனதற்காக டிரைவரை எல்லார் முன்னாலும் நிறுத்தி, “உன்னை யார் யோசிக்கச் சொன்னது?” என்றார். டிரைவர் அன்றோடு யோசிப்பதை விட்டுவிட்டார். எனக்கு ஏற்கெனவே அந்தப் பழக்கம் இல்லை.

உற்சவத்துக்கு உத்தரவு பிறந்தது: காலை பத்து மணிக்கு லாரி ஒரு நடை. சாமி என்றைக்குப் பத்து மணிக்கு வந்திருக்கிறது? வீட்டுக்கு வீடு நின்று கற்பூரம் வாங்கிக்கொண்டல்லவா வரும். இதை அவரிடம் யார் சொல்வது? அட்சரம் பிசகாமல் அடித்துக் கொடுத்தேன்.

பத்துக்கு லாரி போனது. சாமி வந்தபோது உச்சிவேளை. தெரு அப்பளமாகக் காய்ந்து கிடந்தது. வாகனத் தண்டுக்குத் தோள் கொடுத்திருந்த என் மச்சினன் கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்தான்.

“அத்திம்பேர், தோசைக்கல்லுல நடக்கறாப்ல இருக்கு. உங்க லாரி எங்கே?”

லாரி மர நிழலில் இருந்தது, மறுபடி நிரப்பிய தொட்டியோடு. டிரைவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“இன்னொரு நடை போய்ட்டு வாயேம்பா.”

“ஆர்டர்ல ஒரு நடைதான சார் அடிச்சிகிறீங்க.”

“அங்க கால் வேகுதுப்பா.”

“மோளம் எனக்கும் கேட்டுக்கினுதான் இருக்குது. யோசிக்கக் கூடாதுன்னாரே.”

“நான் சொல்றேன், போ.”

“நீங்க யாரு சார்?”

நியாயமான கேள்வி. தெருவுக்கே திரும்பி ஓடினேன். அதற்குள் தெருப் பெண்கள் குடம் குடமாக ஊற்ற ஆரம்பித்திருந்தார்கள். நானும் செருப்பை உதறிவிட்டு ஒரு குடம் தூக்கினேன். பாதி என் வேட்டியில், மீதி நாகஸ்வரக்காரர் மேல்.

மறுநாள் அதிகாரி கூப்பிட்டார். “நேத்து எல்லாம் உத்தரவுப்படி நடந்ததா?”

“நடந்தது சார்.”

“பாத்தீங்களா? கண்டிப்பா இருந்தா வேலை தானா நடக்கும். அது சரி, ஏன் இப்படி ஆடிக்கிட்டு நிக்கறீங்க? நேரா நில்லுங்க.”

கொப்புளம் இரண்டையும் தரையில் அழுத்திக்கொண்டு நேராக நின்றேன்.