டீச்சர் விளையாட்டு

கனகலட்சுமி கடலாடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருபத்தாறு வருடங்களாக அங்கன்வாடி டீச்சர். பிள்ளைகளை அடித்ததில்லை. பாட்டும் கதையும் நன்றாக வரும். மேற்பார்வையாளர் பதவி உயர்வுப் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. வயது வரம்புப்படி இதுவே கடைசித் தடவை. ஆய்வுக்கு வரும் அதிகாரி நல்லபடியாக எழுதினால் போதும்.

அவள் வேலைக்குச் சேர்ந்த வருடம் மேலத்தெரு நிலக்காரர்கள் பிள்ளைகளை அனுப்பவில்லை. கிழக்குத் தெருக் கூலிக்காரர்களின் பிள்ளைகளோடு ஒரே பாயில் எப்படி என்றார்கள். கனகலட்சுமி கிழக்குத் தெருப் பிள்ளைகளுக்கு வாசல் ஓரம் ஒரு சாக்கை விரித்தாள். வருகைப் பதிவேடு நிறைந்தது. பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. புதிதாகச் சேரும் மூன்று வயதுப் பிள்ளை மற்றவர்களைப் பார்த்துத் தானாகவே சாக்குக்குப் போய்விடும்.

ஆய்வுக்கு முதல் நாள் சாக்கைச் சுருட்டிப் பரணில் போட்டாள். பயிற்சியில் சொன்னபடி எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்துப் பழக்கினாள்.

அதிகாரி மாஷிதா ராமநாதபுரத்திலிருந்து வந்தார். பாட்டு, வண்ணம், எண்ணிக்கை எல்லாம் தடங்கலில்லாமல் நடந்தன.

"பாவனை விளையாட்டு ஒண்ணு பாக்கலாமா? நீங்க சொல்லித் தராதீங்க. அவங்களே ஆடட்டும்."

மேலத்தெரு ஜோதிகா எழுந்தாள். வயது நாலரை.

"நாந்தேன் டீச்சர்!"

துண்டைத் தோளில் போட்டு இடுப்பில் கை வைத்தாள். கனகலட்சுமியின் நடை அப்படியே வந்தது. மாஷிதா சிரித்துவிட்டார்.

"ஏலே ராம்குமாரு, இங்கன என்ன சோலி ஒனக்கு? அங்கன போ."

ராம்குமார் எழுந்தான். யாரும் இடம் காட்டவில்லை. வாசல் ஓரம் போய் வெறுந்தரையில் உட்கார்ந்தான். கிழக்குத் தெருவின் மற்ற மூன்று பிள்ளைகளும் போய் அவன் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்தன.

ஜோதிகா தண்ணீர்ச் சொம்பை உயரத் தூக்கினாள். "கையை ஏந்துலே. சொம்பத் தொட்றாத."

நாலு பேரும் கையைக் குவித்தார்கள்.

"டிவியில எதையாச்சும் பாத்துருக்கும் மேடம்," என்றாள் கனகலட்சுமி. வேகமாக வாசலுக்குப் போனாள். ராம்குமாரைத் தொடாமல் குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "எந்திரிடா ராசா. இன்னைக்கி மட்டும் வட்டத்துல உக்காருப்பா."

மாஷிதா சிரிப்பதை நிறுத்தினார்.

"இன்னைக்கு மட்டுமா டீச்சர்?"

மாஷிதா பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினார்.

பட்டியலிலிருந்து பெயர் போன செய்தி பத்து நாளில் வந்தது. மேலத்தெருவில் ஜோதிகாவை டீச்சர் மாதிரி நடந்து காட்டச் சொல்லிச் சிரித்தார்கள். கிழக்குத் தெருவில் யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் ராம்குமாரின் அம்மா இராமலட்சுமி மிளகாய் பறிக்கப் போகும் வழியில் வந்தாள். படியேறாமல் வெளியே நின்றாள். வரும்போதே மகனின் முதுகில் ரெண்டு போட்டிருந்தாள். அவன் விம்மிக்கொண்டிருந்தான்.

"புள்ள தெரியாம எந்திரிச்சிருச்சு டீச்சர். ஒங்க பெரிய வேல போச்சாமே. மனசுல வச்சுக்கிராதீக."

கனகலட்சுமி நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சொல்லி வளக்கணும். எங்க எந்திரிக்கணும், எங்க எந்திரிக்கக் கூடாதுன்னு."

"இனிமே சொல்லிர்றேன் டீச்சர்," என்றாள் இராமலட்சுமி.