ஏழாவது கையின் பச்சைக் கோடு

பொருட்காட்சி மைதானத்தில் அவளை எல்லாரும் பல்பு என்றுதான் கூப்பிடுவார்கள். ராட்சத ராட்டினத்தில் எரியும் முந்நூற்றுச் சொச்சம் பல்புகளையும் மாற்றுகிறவள் அவள்தான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு அப்பாவின் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தவளுக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. கல்யாணப் பேச்சு நாலைந்து முறை தட்டிப்போனது; அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. வாயில்லாப் பூச்சி என்று பெயர் வாங்கியவள். ஆனால் கண்ணுக்கு ஓய்வு கிடையாது. பல்பு மினுக்க ஆரம்பிக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும் என்று அண்ணன் சொல்வான்.

ராட்டினத்தை ஓட்டுகிறவன் அந்த அண்ணன்தான். அவன், அண்ணி, அவள் மூவருக்கும் மைதானத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஓர் அறை. வேலையோடு வந்த அறை அது.

பனிக்காலம் தொடங்கிய வாரத்தில் மேனேஜர் தன் மேஜை இழுப்பறையைக் காலி செய்தார். போன வருஷம் யாரோ விட்டுப்போன கேமரா ஒன்று கிடந்தது. "தேடிக்கிட்டு யாரும் வரல. வேணும்னா எடுத்துக்கோ, இல்லன்னா குப்பைக்குத்தான்" என்றார். அவள் எடுத்துக்கொண்டாள்.

அதன் திருகைத் திருகித் திருகித்தான் கற்றுக்கொண்டாள். முதலில் எடுத்ததெல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துப் போயிற்று. பிறகு, வெளிச்சம் நுழையும் துளையைச் சுருக்கிவிட்டு முப்பது விநாடி திறந்து வைக்கலாம் என்று கண்டுபிடித்தாள். அப்படி எடுத்தால் நடந்துபோகிற ஜனம் படத்தில் இருக்காது. விளக்குகள் மட்டும் கோடு கோடாக நிற்கும். பனிக்காலத்தில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். கவிழ்த்துப் போட்ட இரும்பு டிரம்மின்மேல் கேமராவை வைத்துவிட்டுத் தினமும் ராட்டினத்தைப் பிடித்தாள்.

"தினமும் அதையே படம் பிடிக்கிறியே, அது என்னடி உனக்கு மாப்பிள்ளையா?" என்றாள் அண்ணி.

"சும்மா இரு," என்றான் அண்ணன். "மாப்பிள்ளையாவது ஓடிப்போவான். இது எங்க சுத்தினாலும் இங்கேயேதான் வந்து நிக்கும்."

அவளும் சிரித்தாள். ஆனால் படத்தில் ஒன்று அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. ராட்டினத்தின் விளிம்பில் இருக்கும் பல்புகள் எல்லாம் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருப்பவை. சுற்றும்போது எல்லாம் சேர்ந்து ஒரே கோடாகத்தான் பதிய வேண்டும். கீழ்ப்பக்கத்தில் மட்டும் மயிரிழை போல இன்னொரு கோடு பிரிந்து வெளியே நின்றது.

எங்கே தப்பு நடந்தாலும் முதலில் தன் கையைப் பார்ப்பது அவள் பழக்கம். கேமரா ஆடியிருக்கும் என்று நினைத்தாள். டிரம்முக்குள் மணலைக் கொட்டினாள். பொத்தானை அழுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதினாறு நாள் இப்படிப் போயிற்று. பதினேழாம் நாள்தான் அதே படத்தில் இருந்த சோளப்பொரிக் கடையின் விளக்குகளைக் கவனித்தாள். அவை குண்டூசிக் குத்துப்போல அசையாமல் இருந்தன. கேமரா ஆடியிருந்தால் அவையும் அல்லவா ஆடியிருக்கும்?

ராட்டினத்துக்குப் பன்னிரண்டு இரும்புக் கைகள், கைக்கு ஒரு கூண்டு. தினம் ஒரு கையின் நுனியில் மட்டும் பச்சை பல்பைப் போட்டாள். ஆறு நாள் பச்சைக் கோடு மற்றவற்றோடு ஒட்டியே ஓடியது. ஏழாவது கையில் போட்ட அன்று அது பிரிந்துவிட்டது. மேலே போகும்போது உள்ளே அமுங்கியது. கீழே வரும்போது வெளியே தொங்கியது.

அண்ணன் படத்தை வெகுநேரம் பார்த்தான். மறுநாள் காலையில் ஏறி, கையின் அடியில் பெயின்டைச் சுரண்டினான். வெல்டிங் போட்ட இடத்தில் விரிசல். நகம் உள்ளே போயிற்று.

மேனேஜரிடம் போய்விட்டு வந்தவன் முகம் செத்திருந்தது. "பொருட்காட்சி முடிய இன்னும் ஒன்பது நாள்தான்யா, அந்தக் கூண்டைக் காலியா ஓட்டுன்னுட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"சரின்னேன்."

"அந்தக் கை ஒடிஞ்சா மத்த கூண்டு மேலதானே வந்து விழும், அண்ணா?"

"தெரியாமலா இருக்கேன்? இந்த அறையை விட்டா எங்க போய் நிக்கிறது, சொல்லு."

அவள் சாயங்காலம் வழக்கம்போல டிரம்மின்மேல் கேமராவை வைத்தாள். படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், அன்று இரண்டு கோட்டுக்கும் நடுவே ஒரு தீக்குச்சி அகலம். மறுநாளும் அதற்கு மறுநாளும் கூடிக்கொண்டே வந்தது. நாலாம் நாள் ஒரு விரற்கடை இருந்தது. அன்று சனிக்கிழமை. வரிசை வாசல் வரைக்கும் நின்றது.

பத்துப் பேருக்கு முன்னால் அவள் வாயைத் திறந்ததே கிடையாது. வரிசைக்கு முன்னால் போய் நின்றாள். முதல் தடவை காற்றுத்தான் வந்தது. இரண்டாம் தடவை, "ஏறாதீங்க. ஒரு கையில விரிசல் விட்டிருக்கு" என்றாள்.

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"போட்டோவுல தெரியுது."

"ஓ, போட்டோ ஜோசியமா?" என்று ஒருவன் கேட்க, சிரிப்பு வரிசை முழுக்க ஓடியது. ஒரு பெண் மட்டும் தன் இரண்டு பிள்ளைகளையும் வெளியே இழுத்துக்கொண்டு, "ஏங்க, இந்தம்மா சொல்றது நிஜமா?" என்று ராட்டினத்துக்காரனைப் பார்த்துக் கத்தினாள்.

அண்ணன் பிடியில் கை வைத்தபடி நின்றான். தங்கையைப் பார்த்தான்.

"நிஜம்தாங்க" என்றான்.

ஒவ்வொரு கூண்டாக இறக்கி ஆட்களை வெளியே விட்டான். பிறகு ஸ்விட்சை அணைத்தான்.

மறுநாள் பத்து மணிக்குள் இருவருக்கும் வேலை போயிற்று; சாயங்காலத்துக்குள் அறையும் போயிற்று. வேறொரு ஆளை வைத்து அன்றைக்கே ராட்டினம் ஓடியது. அண்ணன் கலெக்டர் அலுவலகத்துக்கு மனு எடுத்துக்கொண்டு போனான். அடுத்த வாரம் வந்து பார்ப்பார்களாம். அண்ணியின் தங்கை வீட்டு மாடியில், துணி காயப்போடும் இடத்தில் மூவரும் படுத்தார்கள். "ஒரு போட்டோவுக்காக மூணு பேரு சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே" என்றாள் அண்ணி.

சாயங்காலமானால் கால் தானாகவே மைதானத்துப் பக்கம் போயிற்று. வேலிக்கு வெளியே, சாலையோரச் சுவரில் கேமராவை வைத்துத் திறந்துவிடுவாள். ஏழாவது கையிலிருந்த பல்புகளை எல்லாம் மேனேஜர் கழற்றியிருந்தார். பல்பு இல்லாத கை படத்தில் பதியாது. ஒரே கோடு, ஒழுங்கான வட்டம். அந்தக் கை இப்போது எந்த மட்டில் தொங்குகிறது என்று காட்ட எதுவும் இல்லை. மேலேயிருந்து பிள்ளைகளின் கூச்சல் சாலை வரைக்கும் கேட்டது.

"என்னாச்சு?" என்றான் அண்ணன், முதல் நாள்.

"ஒண்ணும் ஆகல, அண்ணா. ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

"அப்பாடா" என்று அவன் புரண்டு படுத்தான்.

இரண்டாம் நாளும் கேட்டான். அப்பாடா என்று சொல்லவில்லை. மூன்றாம் நாள், மேனேஜர் எல்லாரிடமும் இவர்களைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கிறாராம் என்று அண்ணி கேள்விப்பட்டு வந்தாள். நாலாம் நாள், அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் அவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"இன்னுமா ஓடுது?"

"ஓடுது, அண்ணா."

சொன்ன பிறகுதான் தன் குரல் அவள் காதில் விழுந்தது. எதிர்பார்த்திருந்த கடிதம் இன்றைக்கும் வரவில்லை என்று சொல்கிறவளின் குரல் அது. அரைமணி நேரத்துக்கு முன்னால், நிறைந்து போய்ச் சுற்றிய பதினொரு கூண்டுகளைப் பார்த்தபடி முப்பது முப்பது விநாடியாகத் தான் எதற்குக் காத்துக்கொண்டு நின்றோம் என்று அவளுக்குப் புரிந்தது. அந்தக் கை ஒடிவதற்கு.

அண்ணனும் அந்தக் குரலைக் கேட்டுவிட்டான். தன்னுடைய குரலையும் கேட்டிருப்பான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மறுநாள் பொருட்காட்சிக்குக் கடைசி நாள். ஆறு மணிக்கு இருட்டியது. அவள் மாடியை விட்டு இறங்கவில்லை. அவனும் எதுவும் கேட்கவில்லை.