சிரிக்கக் கூடாத வாரம்

நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் கடையில் வேலை பார்த்தவர் அவர். முன்பற்கள் இரண்டும் பிறவியிலேயே உதட்டைத் தாண்டி நிற்கும். இழவு வீட்டுக்குப் போனால்கூடக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் உட்காருவார். தெருவில் அவருக்குச் சிரிச்சமூஞ்சி என்று பெயர்.

ஒரு நடிகையின் நாய் அந்தக் கடையில் குளித்துவிட்டு வீடு திரும்பும் வழியில் காணாமல் போனது. பழி சிரிச்சமூஞ்சியின் தலையில் விழுந்தது. கைது, வழக்கு, தினமும் டிவியில் அவர் முகம். கடைசியில் பார்த்தால், நாய் நடிகையின் பக்கத்துத் தெருவில் ஒரு பாட்டு வாத்தியார் வீட்டு சோபாவில் தின்று கொழுத்துப் படுத்திருந்தது. திறந்திருந்த கார் ஜன்னல் வழியாக அதுவே குதித்து ஓடியிருக்கிறது. நீதிபதி அவரை விடுதலை செய்தார்.

கோர்ட்டுப் படியில் நின்று அவர் வாய்விட்டு அழுதார். அழுகையில் உதடு விலகியது. போதாதா? அன்று மாலை எல்லாச் சேனலிலும் 'விடுதலையானவரின் ஏளனச் சிரிப்பு' ஓடியது. ஒரு சேனலில் 'நாய் தானாக ஓடியதா, ஓட வைக்கப்பட்டதா?' என்று நாலு பேர் தொண்டை கிழியக் கத்தினார்கள்.

கடை முதலாளியம்மா போன் செய்தார். "நீ எடுக்கலைன்னு எனக்குத் தெரியும்பா. ஆனா நாய் வச்சிருக்கவங்க அந்தச் சிரிப்பப் பாத்து மிரண்டு கிடக்குறாங்க. ஒரு வாரம் டிவில பல்லு தெரியாம இரு. அப்புறம் வேலைக்கு வா. பல்லு தெரிஞ்சுதோ, நான் வேற ஆளப் போட்டுருவேன்."

நாயைத் தவிர வேறெதையும் தொட்டுப் பிழைத்தவரில்லை அவர்.

மனைவியின் தம்பி ஜெராக்ஸ் கடையில் இருப்பவன். செய்தியாளர்களைச் சமாளிக்கும் வித்தை தனக்கு அத்துப்படி என்று வந்து உட்கார்ந்தான்.

"மாமா, சோகமா இருங்க. ஆனா தப்பு செஞ்சவன் சோகம் வேண்டாம். தப்பு செய்யாதவன் சோகம்."

கண்ணாடி முன்னால் நின்று அவர் முயன்றார்.

"இது பல்வலி மாமா."

மறுபடி முயன்றார்.

"இப்ப எதையோ ஒளிச்சு வச்ச மாதிரி இருக்கு."

"பல்லத்தான்டா ஒளிச்சு வச்சிருக்கேன்!"

மனைவி அடுக்களையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தார். "அவன் கெடக்கான் விடுங்க. இத வாய் நிறைய ஊத்திக்கிட்டு வெளிய போங்க. சிரிக்கவும் முடியாது, பேசவும் முடியாது. வரும்போது பால் வாங்கிட்டு வாங்க."

அது வேலை செய்தது. தினமும் கன்னம் இரண்டும் உப்பப் போய் வந்தார். பால்காரர் கேட்டதற்கெல்லாம் விரலைக் காட்டினார். 'தொடரும் மர்ம மௌனம்' என்றன சேனல்கள். போகட்டும், பல் தெரியவில்லை.

வாரம் முடியும் நாள். வாசலில் ஒரு பெண் செய்தியாளர் வழியை மறித்தார். "சொல்லுங்க சார், அந்த நாய் உங்களை மன்னிக்கும்னு நினைக்கிறீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் மைக் பிடிப்பவர் நீளக் கம்பு ஒன்றை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். கம்பின் நுனியில் சாம்பல் நிறத்தில் புசுபுசுவென்று முடி. காற்றுச் சத்தம் கேட்காமலிருக்க மைக்குக்குப் போடும் உறைதான். ஆனால் அவர் கண்ணில் பட்டது உறையா? திரித்திரியாகச் சிக்கு! அடிவரை சடை!

மடக்கென்று தண்ணீரை விழுங்கினார். கை தானாகச் சட்டைப் பைக்குள் போய்ச் சீப்போடு வந்தது.

"அச்சச்சோ, என் கண்ணு! உன்ன யாரு இப்படிப் போட்டு வச்சது? ஆடாத, ஆடாத, வலிக்காது."

அடி முடியை விரலால் அழுத்திப் பிடித்து, நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்தார். ஒரு பக்கம் பஞ்சாகப் பிரிந்ததும், "ஆ, ராசாத்தி!" என்று அதைத் தட்டிக்கொடுத்துச் சிரித்தார். இருந்த பல் அத்தனையும் தெரிந்தது. நேரலை.

கேமராவைப் பார்த்ததும் அவருக்குப் பல் ஞாபகம் வந்தது. பால் வாங்காமலே வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தினார்.

"பால் எங்க?" என்றார் மனைவி.

"வேலையே போச்சு. பால் என்ன பால்!"

போன் அடித்தது. முதலாளியம்மா.

"பல்லு தெரிஞ்சுது."

"ஆமாங்கம்மா."

"கடவாப்பல்லு வரைக்கும்."

"ஆமாங்கம்மா."

"உசுரில்லாத மைக்கையே இப்படித் தாங்குறவர்கிட்டதான் எங்க நாய விடுவோம்னு எல்லாரும் போன் மேல போன். எனக்குச் சாப்பிட நேரமில்ல. காலைல வந்து சேரு."

மறுநாள் அவர் கடைக்குக் கிளம்பினார். வாசலில் கேமராக்கள் போய்விட்டிருந்தன. வேறெங்கோ வேறு யாரோ விடுதலையாகியிருந்தார்கள். மைக் பிடிப்பவர் மட்டும் கம்பை அணைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி நின்றார்.

"அண்ணே, இந்தப் பக்கம் விட்டுட்டீங்கண்ணே."