எலிகள் சௌக்கியந்தானா?

திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டம் என்கிற ஊரில் நான் இருக்கும் ஃபிளாட்டுக்கு அடுத்த கதவில் ஐடி வேலை பார்க்கிற ஒரு ஜோடி. போன வாரம் ஒரு கூண்டு வாங்கி வந்து வராந்தாவில் வைத்திருந்தார்கள். உள்ளே எலி. எலி என்று சொல்லிவிட்டேன், அந்தப் பெண்ணுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "ஆன்ட்டி, இது ஹாம்ஸ்டர்" என்றாள். சரியம்மா, ஹாம்ஸ்டராகவே இருக்கட்டும். ஆனால் நனைந்த மரத்தூளும் மூத்திரமும் கலந்த வாடை இருக்கிறதே, அதற்குப் பெயர் மாற்ற முடியுமா? லிஃப்டுக்காக நின்றவள், அது வந்தும் ஏறவில்லை. உங்களுக்கு மல்லிகை வாசம் வந்தால் கல்யாண வீடு ஞாபகம் வரலாம். எனக்கு இந்த வாடை வந்தால் அண்ணன் ஞாபகத்துக்கு வருகிறான்.

படிப்பு முடிந்த கையோடு திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். எலியைக் கண்டால் கட்டில் மேல் ஏறுகிறவளுக்கு, பார்த்துக்கொள்ளுங்கள், எலிகளோடுதான் வேலை. முதல் நாளே ஆராய்ச்சியை நடத்திய மேடம் கறாராகச் சொல்லிவிட்டார்: "பூ வேண்டா, பவுடர் வேண்டா. புது மணத்துக்கு எலி பேடிச்சா ரிசல்ட் போயி!" பயந்த எலியின் மூளை வேறு, பயப்படாத எலியின் மூளை வேறு. அதனால் தினமும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் தடவிக் கொடுத்துப் பழக்குவோம். அவற்றின் பயம் தெளிந்தது. என்னுடையது தெளியவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். அந்த எலிகளுக்கு நாங்கள் கொடுத்த மருந்தைத்தான் என் அண்ணனும் தின்றுகொண்டிருந்தான். சாலைக் கடைத்தெருவில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவன், ஒரு மழைக்காலத்தில் யாரோ தன்னைப் பேர் சொல்லித் திட்டுவதாகக் காதைப் பொத்த ஆரம்பித்தான். டாக்டர் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூளையில் சேதி போகிற ஒரு வழியை அது அடைக்கும். பஸ் ஸ்டாண்டு இருக்கிற தம்பானூரில் ஒரு ரோட்டை மூடினால் பக்கத்துச் சந்தில் என்ன கூட்டம் சேரும்? அதே மாதிரி, பக்கத்து வழியில் நியூரோபெப்டைடு என்கிற சிறு புரதத் துண்டுகள் கொண்டுவரும் சேதியைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் கூடுகின்றனவா, குறைகின்றனவா? எங்கள் ஆராய்ச்சியே அதுதான்.

அண்ணன் மாத்திரையைத் தொட மாட்டான். விஷம் என்பான். அப்பா அம்மா போய்விட்டார்கள், கரமனை வாடகை வீட்டில் நானும் அவனும்தான். ஒருநாள் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். "எங்க எலிக்கும் இததான் அண்ணே குடுக்கோம்! ஒண்ணும் ஆகல்ல, நல்லா தின்னுக்கிட்டு கெடக்கு!" என்னை உற்றுப் பார்த்தான். பிறகு மாத்திரைக்கு வாயைத் திறந்தான். அன்றிலிருந்து சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் எலிகளைப் பற்றிக் கேள்வி வந்துவிடும். "பயலுவ சொகமா இருக்கானுவளா?" சொகமா இருக்கு அண்ணே என்பேன். அதற்கப்புறம்தான் மாத்திரை.

சொகமா! எலியின் முன்னங்கால்களை ஒரு கம்பியில் தூக்கி வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்போம். மருந்து கொடுக்காத எலி உடனே இறங்கிவிடும். மருந்து தின்ற எலி, வைத்தது வைத்தபடி விறைத்து நிற்கும். இதை வாரமெல்லாம் பார்த்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலுக்கு வந்தால், அண்ணன் கேட் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறான். என் கண் தானாக மணிக்கட்டுக் கடிகாரத்துக்குப் போயிற்று. முள் நகர்கிறது, அவன் நகரவில்லை. ஓடிப்போய் அவன் விரல்களைப் பிடித்து இழுத்தேன். "ஏட்டி, விடு! மீன்காரி வாறாளான்னு பாக்கேன். உனக்கென்ன கோட்டி புடிச்சிருக்கா?" என்றான் அண்ணன். எனக்குப் பைத்தியமா என்று தான் கேட்டது உறைத்ததும் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன், அழுதபடி.

சோதனை முடிகிற நாள் நெருங்க நெருங்க எனக்குப் பயம் கூடியது. ஏற்பிகளைப் பார்க்க வேண்டுமானால் மூளையை எடுக்க வேண்டும். மூளையை எடுத்துவிட்டு எலியை வீட்டுக்கு அனுப்ப முடியாதே. பயலுவ செத்தால் அண்ணன் மாத்திரையை விட்டுவிடுவான், மறுபடி காதைப் பொத்துவான், தெருவில் இறங்கி ஓடுவான். வேறு ரூமுக்கு மாற்றிவிட்டார்கள், வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்று விதவிதமாகப் பொய் தயார் பண்ணினேன்.

அந்த நாளும் வந்தது. பழக்கிய கையாலேயே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். சாயங்காலம் செருப்பைக் கழற்றினேன்.

"பயலுவ?"

பொய் வாய்க்கு வரவில்லை. "செத்துப்போச்சு அண்ணே."

என் உள்ளங்கையிலிருந்த மாத்திரையைப் பார்த்தான். "இத தின்னா?"

"இல்ல. நாங்கதான் கொன்னோம். மூளைய எடுக்கணும்லா."

"மருந்து குடுக்காம வச்சிருந்தியே, அந்தப் பயலுவளையுமா?"

"அதையுந்தான்."

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். "அப்ப மாத்திரை மேல குத்தமில்ல. தா" என்றான். விழுங்கிவிட்டு, "போயி குளி" என்றான்.

பிறகு, ஏற்பிகளில் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்கப் பொருளில் நனைத்த மூளைச் சீவல்களை ஃபிலிமில் அழுத்தி வாரக்கணக்கில் காத்திருந்து, இருட்டறையில் கழுவிப் பார்த்தோம். மருந்து தின்ற எலிகளில், உடம்பின் அசைவைப் பார்த்துக்கொள்கிற ஓர் இடத்தில் கறுப்பு கூடியிருந்தது. அங்கே ஏற்பிகள் பெருகிவிட்டன என்று அர்த்தம். மேடத்துக்குச் சந்தோஷம். அண்ணனுக்குக் கொஞ்ச நாளாகக் கை நடுங்குவதை அவரிடம் சொன்னேன். "எடீ, எலியிட தல வேற, நிண்டெ சேட்டன்டெ தல வேற. கை நடுங்குதுன்னா டாக்டரப் போய் காணு" என்று அதட்டி அனுப்பினார். டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கினார். நடுக்கம் குறைந்தது. குரல்களும் திரும்பவில்லை. ஃபிலிமில் என்ன வந்தது என்று அண்ணன் கடைசிவரை கேட்கவே இல்லை.

அந்த ஃபிலிமும் இருட்டறையும் போய்விட்டன. எலி அறை இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். அண்ணன் போன வருஷம் நெஞ்சுவலியில் போனான். மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லையே என்று டாக்டரைத் திரும்பத் திரும்பக் கேட்டு எரிச்சல்படுத்தினேன். கரமனை வீட்டையும் காலி பண்ணியாயிற்று. மாத்திரையைத் துப்பியிருப்பானோ, கதவைத் திறந்துபோட்டுப் போயிருப்பானோ என்று ஆயுசெல்லாம் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனவள் நான். சனியன், இந்தப் பயம் என்றைக்குத்தான் என்னை விடுமோ என்று சபிக்காத நாளில்லை. விட்டுவிட்டது. இப்போது வீட்டுக்குப் போக எனக்கு ஓர் அவசரமும் இல்லை.