மூன்றாம் ஓலை

ஞாயிறு இரண்டாம் பூசையில் நற்கருணை முடிந்ததும் அறிவிப்பு வாசிக்கிற வேலை எனக்கு. பதினொரு வருடமாக. "உங்க குரல் கணீர்னு இருக்கும்மா" என்று முன்பிருந்த பங்குச்சாமியார் ஒருவர் சொன்னார். அவர் மாற்றலாகிப் போய்விட்டார், நான் மைக்கோடு மாட்டிக்கொண்டேன். வாரம் ஆறு நாள் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் நின்றபடியே வேலை. ஏழாம் நாள் ஆண்டவரே ஓய்ந்திருந்தார் என்று எழுதியிருக்கிறது. எனக்கு அன்றைக்கும் நிற்கிற வேலைதான்.

செவ்வாய்க்கிழமை நவநாள், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற வெள்ளிக்கிழமை அன்பியக் கூட்டம் யார் வீட்டில், சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனம் எத்தனை மணிக்கு, வண்டியைக் குறுக்கே நிறுத்தாதீர்கள். இதையெல்லாம் ஒருவரும் கேட்பதில்லை. பின்வரிசையில் பாதிப் பேர் செருப்பைத் தேட ஆரம்பித்திருப்பார்கள். ஆனால் கல்யாண ஓலை வாசிக்கும்போது மட்டும் கோயிலில் ஊசி விழுந்தால் கேட்கும். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் கோயிலில் வாசிப்பது எங்கள் வழக்கம். கடைசியில் ஒரு வரி வரும்: "இத்திருமணத்திற்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிபவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்." எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு போய் உண்மையிலேயே தெரிவித்தவள், எனக்குத் தெரிந்து எங்கள் பங்கில் ஒருத்திதான். அது நான்.

மூக்கண்டப்பள்ளியில் ஆறு வீடுகள் உள்ள ஒரு லைனில் இருக்கிறோம். எனக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் கெலமங்கலத்துக்காரி, நான் விழுப்புரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். கோபம் வந்தால் தெலுங்கில் திட்டுவாள், சமாதானத்துக்குத் தமிழில் வருவாள். இருபது வருடம் அடி, போடி என்றே பேசிப் பழகியவர்கள். நாலு நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும், எத்தனை மணிக்கு என்று எவனுக்கும் தெரியாது. யார் முதலில் பார்த்தாலும் கரண்டியால் சுவரில் மூன்று தட்டு தட்ட வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால் உயிர் போகிற தூக்கத்திலும் குடத்தோடு எழுந்து ஓடுவேன்.

ஆறு வருடத்துக்கு முன் என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு நிரந்தர வேலை. என் மகளுக்கு இருபத்தெட்டு முடிந்திருந்தது. நாலு இடம் தட்டிப்போய், எந்த மாதாவுக்கு எத்தனை மெழுகுவத்தி என்று கணக்கே விட்டுப்போயிருந்தது. பக்கத்து வீட்டுக்காரியின் மகள் காலையிலேயே வந்து என் மகளுக்குப் புடவை கட்டிவிட்டு, பூ வைத்துவிட்டு, காபித் தட்டையும் அவளே அடுப்படியிலிருந்து கூடம் வரைக்கும் கொண்டுவந்து கொடுத்தாள். வந்தவர்கள் கேசரியை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்கள். போகும்போது மாப்பிள்ளையின் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தத் தட்டு எடுத்தாந்த பொண்ணு யாருங்க?" என்றாள். அடுத்த மாதமே அந்தப் பெண்ணை நிச்சயம் பண்ணினார்கள். "எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டும்" என்று சிரித்துக்கொண்டே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். முதல் ஓலையையும் நானே வாசித்தேன், கணீரென்று.

அந்த வாரம் எங்கள் மனைக்கு வில்லங்கச் சான்று வாங்க லீவு போட்டுப் பத்திரப்பதிவு ஆபீசுக்குப் போனேன். அங்கே பெஞ்சில் பக்கத்து வீட்டுப் பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் ரோஜா மாலை, பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பையன். இரண்டு எட்டு நடந்துபோய், "என்ன பாப்பா இங்க?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நேரே பஸ் ஏறி சாமியார் பங்களாவுக்குப் போய், அந்தப் பெண் ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கொண்டது போலத் தெரிகிறது, சொல்ல வேண்டியது என் கடமை என்றேன். சான்று வாங்கப் போனவள் வில்லங்கத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவள் அங்கே சாட்சிக் கையெழுத்துப் போடப் போயிருக்கிறாள். கல்யாணம், அவளோடு வேலை செய்த இன்னொரு பெண்ணுக்கு. ஹாஸ்டலில் தங்கியிருந்த அந்தப் பெண்ணுக்கு இந்த ஊரில் ஆள் கிடையாது. நான் பார்த்த நேரத்தில் மணப்பெண் ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தாள், மாலையை இவள் வைத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். சாமியார் விசாரித்து இதைத் தெரிந்துகொள்ள எட்டு நாள் ஆயிற்று. இரண்டாம் ஓலை நின்றுபோயிற்று. ஓலை நின்றால் ஊர் சும்மா இருக்குமா? நெருப்பில்லாமல் புகையுமா என்று கேட்டு மாப்பிள்ளை வீட்டார் கழன்றுகொண்டார்கள்.

பக்கத்து வீட்டுக்காரியின் வாசலில் போய் நின்று அழுதேன். "தெரியாமப் பண்ணிட்டேன்டி, மன்னிச்சிரு." கதவைச் சாத்திவிட்டாள். அன்றிலிருந்து சுவரில் தட்டுவதும் நின்றது.

வருடம் ஓடியது என்று சொல்லமாட்டேன். வாரம் வாரமாக, கல்லைக் கட்டி இழுப்பது போலத்தான் நகர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை சமாதானம் பகிரும் நேரத்தில் அவள் முன்னும் பின்னும் திரும்பி எல்லாரையும் பார்த்துக் கைகூப்புவாள், என் பக்கம் வரும்போது அந்தக் கை இறங்கிவிடும். வெள்ளிக்கிழமை அன்பியத்தில் ஒரே பாயில் உட்காருவோம். பரலோக மந்திரத்தில் "எங்களுக்கு எதிராகக் குற்றம் செய்வோரை நாங்கள் பொறுப்பது போல" என்கிற வரி வந்தால் வாயை மூடிக்கொள்வாள். அடுத்த வரியில் திரும்பச் சேர்ந்துகொள்வாள். பொய் சொல்லத் தெரியாத மனுஷி.

பாவசங்கீர்த்தனத்துக்கும் போகாமல் இல்லை. எங்கள் சாமியார், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் சாமியார், தவக்காலத்தில் வருகிற கன்னடச் சாமியார் என்று ஐந்து பேரிடம் சொன்னேன். பிறரைத் தப்பாகச் சந்தேகப்பட்டேன், அவசரப்பட்டு வார்த்தையை விட்டேன். ஐந்து பேரும் மன்னித்தார்கள். மூன்று அருள் நிறை மரியே, ஒரு ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை, அவ்வளவுதான் அபராதம். கேசரி விஷயத்தை மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை. என் மகளுக்கு அடுத்த வருடமே கல்யாணமாகி, இப்போது பெங்களூரில் பிள்ளையோடு இருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண் முப்பதைத் தாண்டி, தினமும் என் வாசல் வழியாகத்தான் ஸ்கூட்டியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

இந்த வருடம் ஈஸ்டர் முடிந்த வாரம், புதுச் சாமியார் என்னைக் கூப்பிட்டார். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் முடிவாகியிருக்கிறது, ஞாயிறு முதல் ஓலை, மூன்று வாரத்துக்கு வேறு ஆளை வாசிக்கச் சொல்லட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர் காதுக்கும் கதை போயிருந்தது. விட்டது சனி என்று தலையாட்டினேன்.

வியாழக்கிழமை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, கால் வீக்கத்துக்கு உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்து உட்கார்ந்திருக்கிறேன். வாசலில் பக்கத்து வீட்டுக்காரி.

"உள்ள வா" என்றேன். குரல் கணீரென்று வரவில்லை.

"இருக்கட்டும்ங்க. நிக்கிறேன்."

ஆறு வருடம் கழித்து வாய் திறந்து, என்னை 'ங்க' போட்டுப் பேசுகிறாள்! அதற்கு இரண்டு அறை விட்டிருக்கலாம்.

"ஓலைய வேற ஆளு வாசிக்கிறதாச் சொன்னாங்க. வேணாம். நீங்கதான் வாசிக்கணும். மூணு வாரமும். அந்தக் கடைசி வரியையும் சேத்து வாசிக்கணும். சனம் பாக்கட்டும்."

"சரி" என்றேன். அவள் போகவில்லை.

"இன்னொண்ணு. அன்னிக்கி என் வாசல்ல வந்து அழுதீங்க. மன்னிச்சிருன்னீங்க. ஏன் பண்ணுனேன்னு நீங்க சொல்லவே இல்ல."

"கடமைன்னு நெனச்சு…"

"கடமையா? சரிங்க, வர்றேன்." திரும்பிவிட்டாள்.

இப்போது இவளை விட்டுவிட்டால் இனி இந்த ஜென்மத்தில் கிடையாது என்று தோன்றியது. காலை வெந்நீரிலிருந்து எடுக்கக்கூடத் தோன்றாமல் கத்தினேன்.

"பொறாமடி! எங்கூட்டுல கேசரி தின்னுட்டு உம்பொண்ணக் கேட்டாங்கல்ல, வயிறு எரிஞ்சுது. பாப்பாவ மாலையோட பாத்தப்ப எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம். நிசமான்னு விசாரிச்சா அந்தச் சந்தோசம் போயிருமேன்னுதான் கேக்காம ஓடுனேன். போதுமா?"

அவள் வாசற்படிக்குத் திரும்பி வந்தாள்.

"தெரியும்ங்க. ஆறு வருசமாத் தெரியும். உங்க வாயால வரட்டும்னுதான் இருந்தேன்."

போய்விட்டாள். கட்டிலில் படுத்திருந்த என் வீட்டுக்காரர் அத்தனையும் கேட்டுவிட்டு, "தண்ணி ஆறிப்போச்சு, வேற வெச்சுத் தரட்டுமா?" என்றார். அந்த மனிதர் அதுவரை எனக்கு வெந்நீர் வைத்ததே இல்லை.

முதல் ஞாயிறு வாசித்தேன். எல்லாத் தலையும் என்னைப் பார்த்தது, பிறகு அவளைப் பார்த்தது, மறுபடி என்னைப் பார்த்தது. கடைசி வரியில் நாக்கு ஒட்டிக்கொண்டது. வாசித்து முடித்த பின்புதான் பயம் பிடித்தது. என்னை மாதிரி இன்னொருத்தி இந்தக் கூட்டத்தில் இருந்துவிட்டால்? எங்கேயோ எதையோ பார்த்துவிட்டுச் சாமியாரிடம் போய் நின்றுவிட்டால்? பூசை முடிந்து பங்களா வாசலில் அரை மணி நேரம் காவல் நின்றேன். ஒரு அம்மா உள்ளே போக வந்தாள். "எதுக்குப் போறீங்க?" என்று மறித்தேன். ஞானஸ்நானச் சான்றிதழாம். முறைத்துவிட்டுப் போனாள்.

இரண்டாம் ஞாயிறும் அப்படியே காவல். வெயில் மண்டையைப் பிளந்தது. கல்யாணப் பெண்ணே ஸ்கூட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினாள்.

"ஆன்ட்டி, எதுக்கு வெயில்ல நிக்கிறீங்க?"

உண்மையைச் சொன்னேன். சிரித்துவிட்டாள்.

"அன்னிக்கி நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்ல, அவளுக்கு இப்ப ரெண்டு குழந்தைங்க. கல்யாணத்துக்கு வர்றா."

அப்போதுதான் உறைத்தது. அம்மாவிடம் அழுதேன், ஐந்து சாமியார்களிடம் சொன்னேன். கல்யாணம் நின்றது இவளுக்கு. இவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"கண்ணு, உங்கிட்ட நான் மன்னிப்பே கேக்கலயே."

"கேக்கல" என்றாள். சிரிப்பு போய்விட்டது. "ரொம்ப நாள் எதிர்பாத்தேன் ஆன்ட்டி. அப்புறம் விட்டுட்டேன்." வண்டியைக் கிளப்பி, "ஏறுங்க, மயக்கம் போட்டு விழுந்துறாதீங்க" என்றாள். வழி முழுக்க அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து மன்னிச்சிரு, மன்னிச்சிரு என்றேன். வண்டிச் சத்தத்தில் கேட்டதோ என்னவோ. இறங்கும்போது என் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள்.

அவள் அம்மாவிடம் ஒரு மாற்றமும் இல்லை. அந்த வெள்ளிக்கிழமையும் பரலோக மந்திரத்தில் அந்த வரிக்கு வாயை மூடிக்கொண்டாள். மூன்றாம் ஞாயிறு சமாதானம் பகிரும் நேரத்திலும் கை என் பக்கம் வரவில்லை. எனக்கு அலுத்துவிட்டது. சரிதான் போ, நான் செய்ததற்கு இவ்வளவுதான் கிடைக்கும் என்று மைக்குக்கு முன் போய் நின்று, "இது மூன்றாவதும் கடைசியுமான அறிக்கை" என்று வாசித்தேன். கடைசி வரியை ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை, ஒருவரும் பங்களாவுக்குப் போகவில்லை. இனி அந்தக் கல்யாணத்தை யாரும் தொட முடியாது. வீட்டுக்கு வந்து, சாப்பிடக்கூடத் தெம்பில்லாமல் படுத்தேன்.

சுவரில் மூன்று தட்டு.

கனவு என்று நினைத்தேன். மறுபடியும் மூன்று. எப்படி எழுந்தேன், குடத்தை எப்படி எடுத்தேன் என்று தெரியாது; வாசலுக்கு ஓடிக் குழாயைத் திருகினேன். புஸ் என்று காற்றுதான் வந்தது. முழுக்கத் திருகினேன். ஒரு சொட்டுக்கூட இல்லை. பக்கத்து வாசலில் அவள் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"தண்ணி நாளைக்குத்தான்டி" என்றாள்.

"அப்புறம் எதுக்குடி தட்டுன, எருமை?"

"கேக்குதான்னு பாத்தேன்."

திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

"கேக்குதுடி" என்றேன்.